ராப்பர் முதல் கையெழுத்து மேசை வரை: நெல்லைச் சீமையில் நூல் வெளியிடுவோருக்கு ஒரு கடைக்காரரின் வழிகாட்டி

புத்தகத்தின் அட்டையை ஓவியரிடமும், கையெழுத்து நிகழ்வை விழாக் குழுவிடமும் ஒப்படைத்துவிட்டு, இவ்விரண்டும் தொடர்பில்லாத வேலைகள் என்று இருந்துவிடுவதே நம் பக்கத்துப் பதிப்பாளர் பலரின் வழக்கமாக இருக்கிறது. கடையில் நின்று நூலை விற்கிறவர்களுக்கு இவை ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியுமாகவே தெரிகின்றன. எழுத்தாளரின் பேனா எந்தத் தாளில் ஓடும், மை காய எவ்வளவு நேரம் பிடிக்கும், கையெழுத்து வாங்கியவர் புத்தகத்தை விரித்துப் படம் எடுக்கும்போது முதுகு விரிசல் விடுமா என்பன எல்லாம் அட்டையையும் கட்டுமானத்தையும் முடிவு செய்யும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ, அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற ஊர்களிலோ தம் முதல் நூலை வெளியிட எண்ணுகிற எழுத்தாளர்களையும், அவர்களுக்குத் துணை நிற்கும் சிறு பதிப்பாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

மாதிரியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள்

அட்டை மாதிரியைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் தந்துவிடாதீர்கள். டெமி அளவென்றால் 5.5 அங்குல அகலமும் 8.5 அங்குல உயரமும், கிரவுன் என்றால் 4.75 அங்குல அகலமும் 7.25 அங்குல உயரமும் கொண்ட உண்மையான அளவில் வண்ண நகல் எடுத்து, அதே பருமனுள்ள பழைய புத்தகம் ஒன்றின்மேல் ராப்பராக, அதாவது மேலுறையாகச் சுற்றி, பழக்கமான கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதைக் கடையின் நடு மேசையில் மற்ற நூல்களுக்கிடையே கிடத்தி, ஏழெட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். அடுத்து அலமாரியில் முதுகு மட்டும் தெரியும்படி செருகிப் பாருங்கள். கடைசியாக அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் ஒருவருக்கு அனுப்பி, திறக்காமலே தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். வெளியூர் வாசகர்கள் பலர் இப்போது கைபேசியில் வரும் படத்தைப் பார்த்துத்தான் புத்தகம் கேட்கிறார்கள் என்பதால், இந்த மூன்றாவது சோதனையை ஒப்புக்குச் செய்து முடித்துவிட வேண்டாம்.

கடைக்காரர் கருத்துச் சொல்லத் தயங்குவார். எழுத்தாளரின் மனம் புண்படக் கூடாது என்கிற மரியாதை அது. ஆகவே, “நல்லா இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்பதால் பயனில்லை. “இது என்ன மாதிரிப் புத்தகம்னு உங்களுக்குத் தோணுது?” என்று கேளுங்கள். சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆன்மிக நூல் என்று சொன்னால், அட்டை மாற்றப்பட வேண்டியது என்று பொருள்.

தலைப்பின் எழுத்து

தமிழ் அட்டைகளில் நான் காணும் பெருங்குறை எழுத்துருவைப் பற்றியது. நவீன இலக்கிய நூல்களின் அட்டைகளுக்கு ஓவியர் ஆதிமூலம் தம் கையாலேயே தலைப்பெழுத்துகளை வரைந்து தந்த காலம் உண்டு. கோட்டின் தடிப்பும் நெளிவும் அந்த நூலுக்கென்றே பிறந்தவை போல் இருக்கும். இன்று கிடைக்கிற எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நிழலும் ஒளிவட்டமும் சேர்த்துவிடுகிறார்கள். நிழல் சேர்ந்தவுடன் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைபட்டுப்போகின்றன. புள்ளி எது, பின்னணியின் பொட்டு எது என்று தெரியாமல் போகிறது. தலைப்பை ஒரே நிறத்தில், பின்னணியோடு தெளிவான வேறுபாட்டுடன் வைப்பதே பாதுகாப்பானது. கறுப்பின்மேல் அடர்சிவப்பு திரையில் மின்னும், தாளில் மங்கிவிடும்.

தமிழைச் சரிவரக் கையாளும் அமைப்பு வடிவமைப்பு மென்பொருளில் இயக்கப்படாவிட்டால், ஒகர, ஓகார உயிர்மெய்கள் உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கும். வடிவமைப்பாளர் வெளிமாநிலத்தவராக இருந்தால் அவர் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது. எனவே இறுதிக் கோப்பு அச்சகத்துக்குப் போகும் முன், முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் அச்சிட்ட தாளில், நூலுக்கு மெய்ப்புப் பார்த்தவரல்லாத இன்னொருவரிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நூறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர்கூட அட்டையில் விடுபட்ட ஒற்றெழுத்தைச் சும்மா விடமாட்டார்.

படம் எந்த ஊருடையது?

கதை நம் மண்ணில் நடக்கிறதென்றால் அட்டைப்படமும் நம் மண்ணினுடையதாக இருக்க வேண்டும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டையும் பனங்காட்டையும் பற்றிய நாவலுக்குத் தென்னந்தோப்பும் காயலும் கொண்ட படத்தைப் போட்டால், அந்த ஊர்க்காரர் அதைக் கையில் எடுத்தவுடனே, எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். எழுதியவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் அந்த முடிவு மாறாது. ஆற்றைக் காட்ட வேண்டுமென்றால், தாமிரபரணியின்மேல் 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவுகள் இருக்கின்றன. பெயர் தெரியாத ஏதோ ஓர் ஆற்றின் படத்தை இணையத்தில் தேடி எடுக்க வேண்டிய தேவை என்ன? செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களிலும் இதே சிக்கல்தான். சேலைக் கொசுவம் இடம் மாறியிருக்கும், கோபுரம் எந்தக் கோயிலையும் ஒத்திராது, பின்னணியில் உள்ள கடைப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் நெளிந்து கிடக்கும். கூர்மையான வாசகர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், உள்ளே இருக்கும் எழுத்தையும் ஐயத்தோடுதான் அணுகுவார்.

நிழற்படத்தைப் பயன்படுத்துவதானால் எடுத்தவரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். இந்தியச் சட்டப்படி நிழற்படத்துக்கான பதிப்புரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. இணையத்தில் கிடைத்தது என்பது அனுமதியாகாது. அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவுக்குக் குறையாத கோப்பு வேண்டும் என்பதால், வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படமும் உதவாது.

முதுகு

முதுகைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. ஆனால் வெளியான சில வாரங்களுக்குப் பிறகு நூலின் வாழ்க்கை முழுவதும் முதுகை நம்பித்தான் இருக்கிறது. நடு மேசையில் புதிய நூல்களுக்குத்தான் இடம். பழையன அலமாரிக்குப் போயே தீர வேண்டும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள) தாளில் 200 பக்க நூலுக்கு முதுகு ஏறத்தாழ 1 செ.மீ. கிடைக்கும். தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பக முத்திரை மூன்றும் அதில் அடங்க வேண்டும். நூலகங்கள் முதுகின் கீழ்ப்பகுதியில்தான் எண் சீட்டை ஒட்டும் என்பதால், ஆசிரியர் பெயரை அடியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன்பே முதுகின் அகலத்தைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு முன்னுரை ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது முதுகின் எழுத்து முன்னட்டைக்கு நழுவிவிடும்.

பின்னட்டை

பின்னட்டையில் ஆசிரியரின் படமும் பட்டங்களும் விருதுகளும் நிரம்பி, நூல் எதைப் பற்றியது என்பது மட்டும் விடுபட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். நூலிலிருந்தே ஒரு நல்ல பத்தியை எடுத்து இடுவது மற்றவரின் புகழுரையைவிட நன்றாக விற்கிறது என்பது என் அனுபவம். விலை தெளிவாகத் தெரிய வேண்டும். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. 2007 முதல் அது 13 இலக்கங்கள் கொண்டது. இந்திய நூல்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். பட்டைக்குறியீட்டின் இயல்பான அளவு ஏறத்தாழ 37 மி.மீ. அகலமும் 26 மி.மீ. உயரமும் ஆகும், அதை 80 விழுக்காடு வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. பட்டைகளை அட்டையின் அழகுக்கு இசைவாகச் சிவப்பில் அச்சிட வேண்டாம். கடைகளில் உள்ள வருடிகள் பல சிவப்பொளியைப் பாய்ச்சிப் படிப்பவை. சிவப்புப் பட்டை அவற்றின் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும்.

அட்டைத்தாளும் நம் ஊர் வெயிலும் மழையும்

சென்னையில் குளிரூட்டிய அறையில் முடிவு செய்யப்படும் அட்டை, இங்கே சித்திரை வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டையில், ஈரக்காற்றை உள்பக்கத்துத் தாள் உறிஞ்சி விரியும்; வெளிப்பக்கத்து நெகிழிப் படலம் விரியாது. அதனால் அட்டை மேல்நோக்கிச் சுருண்டுகொள்கிறது. மழைக்காலத்தில் மேசைமேல் அடுக்கிய புத்தகங்கள் வாயைப் பிளந்துகொண்டிருப்பதன் காரணம் இதுவே. 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையிலான ஆர்ட் கார்டைத் தேர்ந்தெடுப்பதும், தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கும்படி அச்சகத்தாரிடம் கேட்டுக்கொள்வதும் இதைப் பெரிதும் குறைக்கும். சிவகாசியில் அச்சிடுபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

வெயிலில் நிற்கும் அட்டையில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கின்றன. நீலமும் கறுப்பும் தங்கிவிடுகின்றன. மேற்கு பார்த்த கண்ணாடி அலமாரியில் வைத்த காவி நிற அட்டை ஒரு கோடைக்குள் நோயாளி நிறத்துக்கு வந்துவிடும். மேட் லேமினேஷன் கைக்கு இதமாக இருந்தாலும், அடர்நிற அட்டையில் விரல்ரேகையையும் நகக்கீறலையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். பளபளப்பானது அந்த வகையில் நீடித்து உழைக்கும். ஆனால் விளக்கொளி பட்டுத் தலைப்பை மறைக்கும். எனக்கு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வெளிர்நிற அட்டைக்கு மேட், அடர்நிற அட்டைக்குப் பளபளப்பு என்பேன்.

கையெழுத்துக்கு இடம் விடுதல்

கையெழுத்து தலைப்புப் பக்கத்தில்தான் இட வேண்டும்; அட்டையின் உள்பக்கத்திலோ, முதலில் வரும் வெற்றுத் தாளிலோ அன்று. வெற்றுத் தாள் பிற்காலத்தில் கிழிந்து போகலாம். தலைப்புப் பக்கம் நூலோடு இருக்கும். ஆகவே பக்கம் வடிவமைக்கும்போதே தலைப்புக்கும் பதிப்பகப் பெயருக்கும் இடையில் நான்கு விரற்கடை வெற்றிடம் இருக்கும்படி செய்யுங்கள். அந்தத் தாளின் பின்புறத்தில் பதிப்பு விவரங்கள் இருப்பதால், ஊற்றுப்பேனா மை ஊடுருவினால் அந்த விவரங்கள் மேல் படியும். மரப்பழுப்பு நிறத் தாளில் இது கூடுதலாக நேரும். வழுவழுப்பான ஆர்ட் தாளிலோ ஜெல் மை எளிதில் காயாது. மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்துவிடும். சாதாரணத் தாளுக்கு மெல்லிய முனையுள்ள, நீரில் கரையாத நிறமி மைப் பேனா ஏற்றது. பந்துமுனைப் பேனா அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் தடம் விழும் என்றாலும், அவசரத்துக்கு அதுவே போதும்.

பசையால் மட்டும் ஒட்டிய கட்டுமானத்தில், தலைப்புப் பக்கம் படிந்து நிற்க எழுத்தாளர் உள்ளங்கையால் அழுத்துவார், முதுகு உடையும். அட்டையில் முதுகை ஒட்டி ஒரு மடிப்புக் கோடு போடச் சொன்னால் பக்கம் தானாகத் திறந்து நிற்கும். வசதி இருந்தால் பாரம் பாரமாக, அதாவது மடித்த அச்சுத்தாள்களை ஒவ்வொன்றாகத் தைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

நாளும் நேரமும்

இங்கே நாள் குறிப்பது பஞ்சாங்கம் பார்ப்பதைவிடக் கடினமான வேலை. ஆனி மாதத்து நெல்லையப்பர் தேரோட்ட நாளில் டவுனுக்குள் எவரும் வாகனத்தோடு நுழைய முடியாது. பங்குனி உத்திரத்தன்று பாதி ஊர் தத்தம் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். நவராத்திரி முடிவில் பாளையங்கோட்டைச் சப்பரங்களும் குலசேகரன்பட்டினத்துத் தசராவும் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் சொரிமுத்து அய்யனாரை நோக்கி நகரும். பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை ஆலய வழிபாட்டு நேரம். மேலப்பாளையத்து நண்பர்களை அழைக்கிறீர்கள் என்றால் நோன்பு மாத மாலைகளைத் தவிர்க்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் கடைக்காரர் பாடநூலிலும் நோட்டிலும் மூழ்கியிருப்பார். அவரிடம் அப்போது இலக்கியம் பேசாதீர்கள். கல்லூரி மாணவர்கள் வர வேண்டுமானால் பருவத் தேர்வுகள் நடக்கும் நவம்பரும் ஏப்ரலும் ஆகா. இவையெல்லாம் போக, ஜனவரி பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் நல்ல சனி, ஞாயிறு மாலைகள் கிடைக்கும்.

சென்னையிலிருந்து வரும் எழுத்தாளர் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி இரவில் அதே வண்டியில் திரும்புவதே வழக்கம். ஆகவே மாலை 4.30 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிக்க வேண்டும். களக்காடு, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து வருகிறவர்களும் இருட்டும் முன் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேரவே விரும்புவார்கள்.

இதிலிருந்து பிறக்கும் என் வலுவான பரிந்துரை, கையெழுத்தை உரைகளுக்கு முன்பு வையுங்கள் என்பது. நம் வெளியீட்டு விழாக்களில் வரவேற்புரை, தலைமையுரை, முதல் பிரதி பெறுதல், பொன்னாடை, வாழ்த்துரை என்று வரிசை நீண்டு, ஏற்புரை வரும்போது கூட்டத்தில் பாதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையெழுத்து மேசைக்கு ஆள் வரும்போது எழுத்தாளரின் உறவினர்கள்தாம் எஞ்சியிருப்பார்கள். நான்கரை மணிக்கு வந்தவருக்கு உடனே புத்தகமும் கையெழுத்தும் கிடைத்துவிட்டால், உரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் சில பக்கங்களைப் புரட்டிவிடுவார். பேச்சாளர்கள் சற்று மனத்தாங்கல் கொள்வார்கள், கொள்ளட்டும்.

மாவட்ட நிர்வாகம் நடத்தும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் கையெழுத்து வைப்பதானால், அரங்கத்தின் வாயிலை அடைத்து மேசை போடாதீர்கள். பக்கவாட்டில் போட்டு, எழுத்தாளர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மாலையில் இருப்பார் என்று மட்டும் எழுதிய பலகை யாரையும் நிறுத்தி வைக்காது.

படிகளும் கணக்கும்

விற்றபின் பணம் தரும் முறையில் கடைக்கு வந்த படிகளில், விற்காதவை பதிப்பகத்துக்குத் திரும்ப வேண்டும். பெயர் எழுதிக் கையெழுத்திட்ட படியை எந்தப் பதிப்பகமும் திரும்ப ஏற்காது. ஆகவே பில் போட்ட படியில் மட்டுமே எழுத்தாளர் கையெழுத்திட வேண்டும். நிகழ்வு முடிந்த பிறகு, கடை ரொக்கமாக எடுத்துக்கொள்ளும் படிகளில் பெயரில்லாமல் கையெழுத்தும் தேதியும் மட்டும் இட்டு வைக்கலாம். இதை முன்கூட்டியே மூன்று தரப்பும் பேசிக்கொள்வது நட்புக்கு நல்லது. கடைக்குத் தரும் விற்பனைக் கழிவு எவ்வளவு என்பதையும், அன்று வாசகருக்குத் தரும் தள்ளுபடியை யார் ஏற்பது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பையில் சொந்தப் படிகளைக் கொண்டுவந்து, வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாகத் தராதீர்கள். ஒருவருக்கு இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்த பிறகு, அடுத்தவர் கல்லாவுக்கு வரமாட்டார். உங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியருக்கும் அண்ணனுக்கும் மறுநாள் வீட்டுக்குப் போய்க் கொடுத்தால் அவர்களும் கூடுதலாக மகிழ்வார்கள்.

மேசையில்

பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தலைப்புப் பக்கத்தில் செருகித் தர ஒரு பணியாளரை நிறுத்துங்கள். சரவணன், வள்ளிநாயகம், மகிழ்நன் போன்ற பெயர்களைக் காதால் கேட்டு எழுதினால் ணகரமும் ளகரமும் ழகரமும் இடம் மாறும். தன் பெயர் பிழையாக எழுதப்பட்ட புத்தகத்தை எவரும் பிறருக்குக் காட்டமாட்டார். சீட்டு எழுதும்போதே “உங்களுக்கா, வேறு யாருக்கும் கொடுக்கவா?” என்று கேட்டுவிட வேண்டும். பேத்தியின் பெயருக்கு வாங்க வருகிற தாத்தாக்கள் இங்கே நிறையப் பேர். “பேரு வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போதும்” என்பவரைக் காரணம் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது.

எழுத்தாளர் தமிழில், படிக்கும்படி கையெழுத்திட்டு, தேதியும் ஊரும் எழுதினால் போதும். ‘அன்புடன்’ என்பதற்கு மேல் ஒரு வரி எழுத நேரமிருந்தால் நல்லது. வரிசை நீளமாக இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் கவிதை எழுதத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் கலைந்துவிடுவார்கள். இடப்பக்கம் நிற்பவர் பக்கத்தைத் திறந்து நகர்த்த, வலப்பக்கம் நிற்பவர் கையெழுத்தின்மேல் ஒரு வெற்றுத் துண்டுத்தாளை வைத்து மூடித் தர வேண்டும். படம் எடுப்பதற்கு மேசையின் ஓரத்தில் தனி இடம் ஒதுக்குங்கள்.

அல்வா கொடுக்காமல் திருநெல்வேலியில் விழா நடத்த முடியாது என்பதை நான் அறிவேன். அதைக் கையெழுத்து முடிந்தபின், கிளம்பும் நேரத்தில் பொட்டலமாகக் கொடுங்கள். வாழையிலையில் வாங்கித் தின்ற நெய்க்கையோடு புரட்டப்பட்ட தலைப்புப் பக்கத்தில் மை ஒட்டாது, கறையும் போகாது. காத்திருக்கும் நேரத்துக்குச் சுக்குக் காபி போதும்.

நிகழ்வுக்குப் பிறகு

எழுத்தாளர் வர இயலாத நூலுக்கு வேறொரு வழி உண்டு. கட்டுமானத்துக்கு முன்பே தலைப்புத் தாள்களை அவரிடம் அனுப்பிக் கையெழுத்து வாங்கி, பிறகு நூலோடு சேர்த்துக் கட்டலாம். கையெழுத்திட்ட சீட்டைப் பிற்பாடு ஒட்டுவதைவிட இது நேர்த்தியானது. எந்த வகையானாலும் கையெழுத்துப் படிக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை நான் ஏற்பதில்லை.

மீதமுள்ள கையெழுத்துப் படிகளைக் கீழ்த்தட்டில் அடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பல ஆண்டுகளுக்குப் பிறகு சில படிகள் பழைய புத்தகங்களோடு கடைக்கே திரும்பி வரும். அவற்றை அந்த எழுத்தாளரின் கண்ணில் படாத தட்டில் வைப்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத விதி.

வெளியூருக்கு அனுப்ப வேண்டிய படிகளுக்கு, அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நடத்திவரும் ஞான் போஸ்ட் சேவை 300 கிராம் முதல் 5 கிலோ வரை பயன்படும். நூலில் அச்சகத்தார் அல்லது வெளியீட்டாளர் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் பக்கத்தில் வெற்றுத் தாள் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் நெகிழி உறையிலிட்டு, அதன்மேல் அட்டையின் மூலைகள் மடங்காதபடி இருபுறமும் தடித்த அட்டை வைத்துக் கட்டுங்கள். பெயர்ச்சீட்டை எடுத்துவிட வேண்டாம். எந்தக் கட்டு யாருக்கு என்று பொதியும்போது அதுதான் சொல்லும்.